நிற்காத சங்கிலி

"அண்ணன் ஆஸ்பத்திரியில. வீட்டுக்காரர் லாக்கப்புல. எந்தப் பக்கம் போறதுன்னு தெரியாம இங்க வந்தேன்."

எதிரே உட்கார்ந்திருந்த பெண் இதைச் சொல்லிவிட்டு மடியிலிருந்த துணிப்பையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். முப்பது வயதிருக்கும். முழங்கை வரை மரப்பால் கறை. தூங்கி இரண்டு நாள் ஆன கண்கள்.

டீச்சர் பேனாவை மூடி வைத்தாள். இருபத்திரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்திவிட்டு, பிள்ளைகளின் பொய்களைக் கேட்டுக் கேட்டுப் பழகிய காதோடு துப்பறியும் அலுவலகம் திறந்தவள். ஊருக்கே இன்னும் டீச்சர்தான். அவளுக்கு உதவியாளன், காரோட்டி, டீ வாங்குபவன் எல்லாமே மொட்டை. முப்பது வயது வரை அவனுக்கு முடி இருந்தது என்பதற்கு ஒரு போட்டோ ஆதாரம் உண்டு.

"ஆரம்பத்துல இருந்து சொல்லும்மா," என்றாள் டீச்சர்.

அவள் சொன்னாள். அவளும் அண்ணனும் மரக்கிளை வெட்டும் வேலை செய்கிறார்கள். சாலையோர மரங்களில் மின்கம்பியை உரசும் கிளைகளை நறுக்கும் வேலை. அதற்கு நீளக் கம்பு ரம்பம் வைத்திருக்கிறார்கள். ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு கம்பு. ஒரு முனையில் பெட்ரோல் எஞ்சின், மறுமுனையில் ரம்பச் சங்கிலி. கம்பைப் பிடிப்பது அவள். கீழே விழும் கிளையை இழுத்துப் போடுவது அண்ணன். எஞ்சினைப் பழுது பார்த்துத் தருவது அவள் கணவன், மெக்கானிக்.

"முந்தாநாள் ஒரு கிளை விழுந்துச்சு. ஆக்சிலேட்டரை விட்டுட்டுக் கம்பைக் கீழ எறக்கினேன். கைய எடுத்தா செயின் நின்னுடணும். நிக்கல. அண்ணன் குனிஞ்சு கிளையைப் பிடிச்சிருந்தாரு. இடது கையில..." அவள் நிறுத்தினாள். "நரம்பு ரெண்டு அறுந்துடுச்சு. விரல் மடங்குமான்னு டாக்டரால இப்பவே சொல்ல முடியாதாம்."

"வீட்டுக்காரர்?"

"ஸ்டேஷனுக்கு அவரே போயி, மிஷின்ல நான்தான் கை வெச்சேன்னு ஒத்துக்கிட்டாராம். விபத்துக்கு மூணு நாள் முன்னாடி அண்ணனுக்கும் அவருக்கும் கடையில வெச்சுப் பெரிய சண்டை. அண்ணன் நாலு பேர் முன்னாடி, 'நீ சர்வீஸ் பண்ணின மிஷின் ரெண்டு நிமிஷம் ஓட மாட்டேங்குது, உனக்கெல்லாம் எதுக்கு ஸ்பேனர்'னு கேட்டுட்டாரு. அதை மனசுல வெச்சுக் கொல்லப் பாத்தாருன்னு கேஸ். இன்னைக்கு நாலு மணிக்கு கோர்ட்டுக்குக் கொண்டு போறாங்க."

"குடும்பச் சண்டைன்னா பாத்திரம் பறக்கும்னு கேள்விப்பட்டிருக்கேன். ரம்பமே பறக்குதே..." என்று மொட்டை ஆரம்பித்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டான். "மன்னிச்சுக்கம்மா. வாய் முந்திக்கிச்சு."

டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தாள். பத்தரை.

"வண்டிய எடு."

*

காவல் நிலையத்தில் இன்ஸ்பெக்டர் மேஜை மேல் ரம்பத்தைப் படுக்க வைத்திருந்தார். கம்பு மேஜையைத் தாண்டி வாசல் வரை நீட்டிக்கொண்டிருந்தது. ஆரஞ்சு நிற எஞ்சின் உறை புதுசு போல மின்னியது.

"தெளிவான கேஸ் டீச்சர்," என்றார் அவர். "இதோ இந்தச் சின்ன ஓட்டைக்குள்ள ஒரு ஸ்க்ரூ இருக்கு பாருங்க. ரேஸ் குடுக்காதப்போ எஞ்சின் எவ்வளவு மெதுவா ஓடணும்னு வெக்கிறது இதுதான். உள்ள திருகினா வேகம் ஏறும். ரொம்ப ஏறிட்டா, கைய எடுத்தாலும் செயின் சுத்திக்கிட்டே இருக்கும். ரெண்டு முழுச் சுத்து உள்ள போயிருக்கு. தானா திருகிக்காது."

"திருகினது யாரு?"

"அதான் அவனே சொல்றானே."

டீச்சர் எஞ்சினின் பக்கவாட்டு மூடியைக் கழற்றினாள். உள்ளே காற்று வடிகட்டி. வெள்ளையாக இருக்க வேண்டிய பஞ்சு, மரத்தூளும் எண்ணெயும் சேர்ந்து அடை போல அப்பியிருந்தது. ஸ்பார்க் பிளக்கையும் கழற்றச் சொல்லிப் பார்த்தாள். கரி.

மேஜையில் சர்வீஸ் அட்டை கிடந்தது. விபத்துக்கு முந்தின நாள் தேதி. ஏர் ஃபில்டர், பிளக், பெட்ரோல் ஃபில்டர். எல்லாவற்றுக்கும் நேராக டிக்.

"வெளிய பாலிஷ், உள்ள இப்படியா?" என்றான் மொட்டை. "பொண்ணு பாக்கப் போறவன் பவுடர் போட்டுட்டுப் பல்லு தேய்க்க மறந்த மாதிரி."

"எஞ்சினுக்கும் மூச்சு வேணும்டா. இந்த அடைப்பை வெச்சுக்கிட்டு ரேஸ் குறைச்சா என்ன ஆகும்?"

"மூச்சு முட்டி ஆஃப் ஆயிடும்."

"ஆஃப் ஆகும்." டீச்சர் பாக்கெட் டார்ச்சை எடுத்து அந்தச் சின்ன ஓட்டைக்குள் அடித்தாள். ஓட்டையின் விளிம்பில் ஆரஞ்சு பிளாஸ்டிக் எலி கொறித்தது போலச் சிதைந்திருந்தது. அவள் அதையே சற்று நேரம் பார்த்தாள். "மெக்கானிக்கைப் பாக்கணும்."

மெக்கானிக் கம்பிக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருந்தான். டீச்சரைப் பார்த்ததும் எழுந்து நின்றான். நகக்கண்ணில் கிரீஸ்.

"நீங்கதான் திருகினீங்களா?"

"நான்தான்." நேராகக் கண்ணைப் பார்த்துச் சொன்னான்.

"எப்போ?"

"சர்வீஸ் பண்ணின அன்னைக்கு சாயங்காலம். கடையில வெச்சு."

"எத்தனை சுத்து?"

"ரெண்டு."

"எதை வெச்சு?"

"என்கிட்ட மெல்லிசா ஒரு ஸ்க்ரூ டிரைவர் இருக்கு. அந்த ஓட்டைக்குன்னே வெச்சிருக்கேன்."

"மச்சான் சாகணும்னா?"

"ஆமா."

"ஏர் ஃபில்டரை சுத்தம் பண்ணினீங்களா?"

இதுவரை தடதடவென்று வந்த பதில் நின்றது. மெக்கானிக்கின் பார்வை டீச்சரின் முகத்திலிருந்து நழுவித் தரைக்குப் போனது.

"அட்டையில... டிக் போட்டிருக்கேன்."

"நான் அட்டையைக் கேக்கல."

அவன் திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டான். தோள் குலுங்கியது.

வெளியே வந்ததும் மொட்டை கேட்டான். "என்ன டீச்சர் இது? கொல்லப் பாத்தியான்னா ஆமாங்கறான். பஞ்சைக் கழுவினியான்னா அழறான்."

"அதேதான் நானும் கேக்கறேன். ரெண்டுல எதை அவன் நெஜமா செஞ்சான்?"

*

விபத்து நடந்த தெரு அமைதியாக இருந்தது. காரைவிட்டு டீச்சரும் மொட்டையும் இறங்கினார்கள். கூடவே வந்து பின்சீட்டில் இருந்த அந்தப் பெண், அடிபட்டவரின் தங்கை, இறங்கவில்லை. கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள்.

தெருவின் ஒரு பக்கம் வரிசையாக மரங்கள். தெருமுனையிலிருந்து கொஞ்ச தூரம் வரை கிளைகள் நறுக்கப்பட்டிருந்தன. வெட்டுப்பட்ட இடங்கள் இன்னும் வெளுப்பாகத் தெரிந்தன. அதற்கப்பால் உள்ளவை தழைத்துக் கம்பி மேல் சாய்ந்திருந்தன.

"எண்ணு."

மொட்டை எண்ணினான். "ஒன்பது முடிச்சிருக்காங்க. பத்தாவது பாதியில நிக்குது. பாக்கி பதினஞ்சு."

"முந்தின நாள் சாயங்காலமே கடையில திருகியாச்சுன்னா, ஸ்டார்ட் பண்ணின நொடியே செயின் சுத்தியிருக்கும். கைய எடுத்தாலும் நிக்காத ரம்பத்தை வெச்சுக்கிட்டு ஒன்பது மரம் வெட்டியிருப்பாங்களா?"

"எனக்கு அப்படி ஒண்ணைக் குடுத்தா நான் அந்த மரத்து மேலயே ஏறி உக்காந்துடுவேன்."

பத்தாவது மரத்துக்கு நேர் எதிரே தையல் கடை. தையல்காரர் காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு ஒரு சட்டையின் காலரைப் பிரித்துக்கொண்டிருந்தார். ரம்பம் என்ற சொல்லைக் கேட்டதும் கத்தரியைக் கீழே வைத்தார்.

"அந்தச் சத்தத்தை ஏன் கேக்கறீங்க! காலையில எட்டரைக்கு ஆரம்பிச்சாங்க. ரெண்டு நிமிஷம் ஓடும், இருமும், அடங்கிடும். மறுபடி கயித்தை இழுப்பாங்க. திரும்ப இருமும், அடங்கும். ஒரே சத்தமா கேட்டா பழகிடும். இப்படி விட்டு விட்டு வந்தா ஊசி எப்படி நேரா போகும்? இந்தக் காலரை அன்னைக்கு மூணு தடவை பிரிச்சேன்."

"நாள் பூரா அப்படியா?"

"இல்லம்மா. பதினோரு மணிக்கு டீ குடிக்க நிறுத்தினாங்க. அதுக்கப்புறம் ஒரு தடவைகூட அடங்கல. சும்மா வெச்சிருக்கறப்பகூட உறுமிக்கிட்டே இருந்துச்சு. அப்பாடா, சரி பண்ணிட்டாங்கன்னு நினைச்சேன். அரை மணி நேரம் ஆகல..." அவர் தலையைக் குலுக்கினார். "அந்த அலறல் இன்னும் காதுல இருக்கு. சரியாயிடுச்சுன்னு சந்தோஷப்பட்டேனே, அதுதான் என்னமோ போல இருக்கு."

"டீ நேரத்துல மிஷின்கிட்ட யார் இருந்தாங்க?"

"பாக்கல. நானும் ஒரு வாய் சாப்பிட உள்ள போயிட்டேன்."

டீச்சர் நன்றி சொல்லிவிட்டு நடைபாதைக்கு வந்தாள். மொட்டை போனில் இன்ஸ்பெக்டரைப் பிடித்து இரண்டு கேள்வி கேட்டான். வைத்தான்.

"அன்னைக்குக் காலையில எட்டுல இருந்து பன்னெண்டு வரைக்கும் மெக்கானிக் கடையைவிட்டு நகரல. மூணு கஸ்டமர் சாட்சி. விபத்துன்னு போன் வந்தப்புறம்தான் ஓடி வந்தானாம். ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடி இங்க வந்து, ரோட்டுல கிடந்த மிஷினைக் கையில எடுத்துப் பாத்துருக்கான்."

"பாத்ததும் புரிஞ்சிருக்கு. ரெண்டு சுத்துன்னு அவனுக்கு அப்பத்தான் தெரிஞ்சிருக்கு." டீச்சர் குரலைத் தாழ்த்தினாள். "அந்த ஓட்டையோட விளிம்பைப் பாத்தியா? எலி கொறிச்ச மாதிரி இருக்கு. அந்த ஓட்டைக்குன்னே மெல்லிசா ஸ்க்ரூ டிரைவர் வெச்சிருக்கறவன் அப்படிச் சிதைப்பானா? அகலமான முனையை வலுக்கட்டாயமா நுழைச்சுத் திருகியிருக்காங்க. வேற கருவி கைவசம் இல்லாதவங்க."

"மிஷினோட ஒரு ஸ்பேனர் குடுப்பாங்களே டீச்சர்? ஒரு முனை பிளக் கழட்ட, மறுமுனை தட்டையா செயினை இறுக்க..."

அவன் பாதியில் நிறுத்திவிட்டு டீச்சரைப் பார்த்தான். பிறகு இருவரும் காரைப் பார்த்தார்கள். தெருவில் அன்றைக்கு இருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் ஆஸ்பத்திரியில்.

"ஐயய்யோ," என்றான் மொட்டை மெதுவாக.

*

டீச்சர் பின்கதவைத் திறந்து தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பிளக் கழட்டற ஸ்பேனர் யார்கிட்ட இருக்கும்மா?"

தங்கை துணிப்பையைத் திறந்தாள். அடியிலிருந்து கைக்குட்டையில் சுற்றிய ஒரு பொருளை எடுத்து டீச்சரின் உள்ளங்கையில் வைத்தாள். பிரித்தபோது ஸ்பேனர். அதன் தட்டை முனையில் ஆரஞ்சு நிறத்தில் மெல்லிய பிளாஸ்டிக் சீவல் ஒட்டியிருந்தது.

"ரெண்டு நாளா வெச்சிருக்கீங்க. துடைக்கலையா?"

"துடைக்கக் கை வரல." அவள் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். "நீங்க கண்டுபிடிக்கணும்னுதான் உங்ககிட்ட வந்தேன்."

முன்சீட்டில் மொட்டை ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அசையாமல் இருந்தான்.

"நேத்து ரெண்டு தடவை ஸ்டேஷன் வாசல் வரைக்கும் போனேன் டீச்சர். திரும்பிட்டேன். இன்ஸ்பெக்டர்கிட்ட சொன்னா அண்ணன் காதுக்குப் போகும். 'என் கைய வெட்டினது என் தங்கச்சி'ன்னு அவர் நினைக்கறதை நான் எப்படிப் பாக்கறது? என் வாயால வரல. வேற யாராவது கண்டுபிடிச்சு மூஞ்சிக்கு நேரா கேட்டா, ஆமான்னு சொல்லிடலாம்னு இருந்துச்சு."

"என்ன நடந்துச்சு?"

"காலையில இருந்து ஆஃப் ஆயிக்கிட்டே இருந்துச்சு. கயித்தை இழுத்து இழுத்துத் தோள் போச்சு. பாதிக்கு மேல மரம் பாக்கி. அண்ணன் டீ வாங்கப் போனப்போ அந்த ஸ்க்ரூவைத் திருகினேன். வீட்டுக்காரர் கடையில திருகறதைப் பாத்திருக்கேன். ஆஃப் ஆகாம ஓடினா போதும்னு நினைச்சேன். செயின் நிக்காதுன்னு எனக்குத் தெரியாது..."

அவள் நிறுத்தினாள்.

"இல்ல. அது பொய். தெரியும். ஸ்டார்ட் பண்ணினதும் பாத்தேன். கைய எடுத்தப்புறமும் செயின் மெதுவா சுத்திச்சு. கொஞ்சம்தானே சுத்துது, பாத்து வேலை செஞ்சுக்கலாம்னு விட்டேன். அண்ணன்கிட்ட சொல்லக்கூட இல்ல. சொன்னா நிறுத்தச் சொல்லுவாரு."

டீச்சர் வகுப்பில் ஆயிரம் ஒப்புதல்களைக் கேட்டிருக்கிறாள். இப்படித் தன் பொய்யைத் தானே திருத்திக்கொண்ட ஒன்றைக் கேட்டதில்லை.

"உங்க வீட்டுக்காரர் ஏன் அப்படிச் சொன்னாருன்னு தெரியுமா?"

"என்னைக் காப்பாத்த."

"அது பாதிதான்," என்றாள் டீச்சர். "மீதியை அவரே சொல்லட்டும். உங்களுக்குப் பதிலா நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். ஆமான்னு சொன்னா மட்டும் போதாது. நீங்கதான் சொல்லணும். முதல்ல இன்ஸ்பெக்டர்கிட்ட, அப்புறம் அண்ணன்கிட்ட."

*

காவல் நிலையத்தில் தங்கை பேசி முடிப்பதற்குள் கம்பிக்குப் பின்னாலிருந்து சத்தம் வந்தது.

"பொய் சார்! என்னைக் காப்பாத்தப் பொய் சொல்றா! அவளுக்கு அந்த ஸ்க்ரூ எங்க இருக்குன்னே தெரியாது!"

டீச்சர் ஸ்பேனரை மேஜையில் வைத்தாள். அதன் முனையை ஓட்டை விளிம்பில் பொருத்திக் காட்டினாள். சிதைவும் முனையும் அச்சாகப் பொருந்தின. இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். பிறகு சர்வீஸ் அட்டையை எடுத்துக்கொண்டு டீச்சர் கம்பியருகே போனாள்.

"நீங்க செய்யாததை ரெண்டு நாளா சொல்லிக்கிட்டு இருக்கீங்க. செஞ்சதை ஒரே ஒரு தடவை சொல்லிடுங்க."

மெக்கானிக் அட்டையைப் பார்த்தான். மனைவியைப் பார்த்தான்.

"நான் மூடியையே தெறக்கல," என்றான். "நாலு பேர் முன்னாடி எனக்கு எதுக்கு ஸ்பேனர்னு கேட்டாரு இல்ல? அந்தக் கோவம். மேல மட்டும் பளபளன்னு துடைச்சேன். எல்லாத்துக்கும் டிக் போட்டேன். நாள் பூரா கயித்தை இழுத்துச் சாகட்டும், அப்பத்தான் என் அருமை தெரியும்னு நினைச்சேன். கயித்தை இழுக்கப் போறது இவதான்னு... அந்த நேரத்துல எனக்குத் தோணவே இல்ல." அவன் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டான். "அஞ்சு நிமிஷ வேலை சார். பஞ்சைக் கழுவிக் காய வெச்சுப் போட்டிருந்தா மிஷின் ஆஃப் ஆகியே இருக்காது. இவ ஸ்க்ரூவைத் தொட்டிருக்கவே மாட்டா. ரோட்டுல மிஷினைப் பாத்ததும் தெரிஞ்சுடுச்சு. திருகினது அவ கை. திருக வெச்சது நான்."

தங்கை அவனை நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகத்தில் நன்றி இல்லை. கோபமும் முழுதாக இல்லை.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்," என்றாள்.

"நீயும் சொல்லியிருக்கலாம்," என்றான் அவன்.

இன்ஸ்பெக்டர் எழுதி வைத்திருந்த காகிதத்தைக் கிழித்துவிட்டுப் புதுத் தாள் எடுத்தார். "கொலை முயற்சி இல்ல. ஆனா ரெண்டு பேரும் கவனக்குறைவா நடந்துக்கிட்டதுக்குக் கேஸ் உண்டு. அதை நான் விட முடியாது. கையெழுத்துப் போட்டுட்டு ஜாமீன்ல போங்க. கூப்பிடறப்போ வரணும்."

"வர்றோம்," என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

*

ஆஸ்பத்திரி வார்டில் அண்ணன் தலையணையில் சாய்ந்திருந்தான். இடது கை தோள் வரை கட்டுப் போட்டுத் தூக்கி வைக்கப்பட்டிருந்தது. டீச்சரும் மொட்டையும் வராந்தாவிலேயே நின்றுவிட்டார்கள். மெக்கானிக் கதவு வரை வந்தான். அதற்கு மேல் கால் போகவில்லை.

தங்கை கட்டிலருகே நின்றபடியே சொன்னாள். உட்காரவில்லை. ஸ்க்ரூவைத் திருகியதைச் சொன்னாள். சங்கிலி சுற்றுவதைப் பார்த்தும் சொல்லாமல் விட்டதையும் சொன்னாள். அண்ணன் கேட்டுக்கொண்டே இருந்தான்.

"நீ ஏதோ திருகினேன்னு எனக்குத் தெரியும்," என்றான் கடைசியில். "டீ கொண்டு வர்றப்போ நீ ஸ்பேனரை இடுப்புல சொருகினதைப் பாத்தேன். போலீஸ்காரர் கேட்டாரு, ஞாபகம் இல்லன்னுட்டேன். ஆனா செயின் சுத்தறதைப் பாத்தும் நீ சொல்லாம விட்டது தெரியாது."

அவள் காத்திருந்தாள். பரவாயில்லை என்று அவன் சொல்லவில்லை.

"விரல்ல உணர்ச்சியே இல்ல," என்றான். "எறும்பு ஊர்ற மாதிரிகூட இல்ல. உக்காரு. நின்னுக்கிட்டே இருக்காத."

அவள் உட்கார்ந்தாள். அப்போதுதான் வாசலிலிருந்து குரல் வந்தது.

"மச்சான். நான் ஃபில்டரைத் தொறக்கவே இல்ல. கோவத்துல வேணும்னே விட்டேன். டிக் மட்டும் போட்டேன்."

அண்ணன் திரும்பிப் பார்த்தான். வார்டில் வேறு யாரோ இருமினார்கள். மொட்டை வராந்தாவில் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"போ மாப்பிள்ளை," என்றான் அண்ணன். குரல் உயரவில்லை. "இன்னைக்கு உன் மூஞ்சியப் பாக்க என்னால முடியல."

மெக்கானிக் தலையாட்டினான். திரும்பி இரண்டு அடி வைத்தான்.

"நாளைக்கு வா."

அவன் நின்றான். "எத்தனை மணிக்கு மச்சான்?"

"எட்டு மணிக்கு. டாக்டர் கட்டைப் பிரிப்பாரு." அண்ணன் கண்ணை மூடிக்கொண்டான். "நீங்க ரெண்டு பேரும் பக்கத்துல நின்னு பாக்கணும்."